மாத்திரை என் பெயரில்

பிப்ரவரி 14

தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

போன வாரம் நாலு தடவை போன் அடித்தாய். நான் எடுக்கவில்லை, வேண்டுமென்றேதான். போனில் பேசுகிறவன் நாளைக்கே "நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்" என்பான். இந்த ஊருக்கு வந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். காகிதத்தில் இல்லாதது நடக்கவே இல்லை. அதனால் நீயும் எழுத்தில் பதில் சொல். மகள் கூரியரில் போடுவதாகச் சொன்னாள், ஐந்தாறு நாளில் உன் கைக்கு வந்துவிடும்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் எழுதுகிறேன். பேரனைப் பார்க்க இந்த நாட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் காலையில் மகள் வீட்டு அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த உன் அத்தான், குழாயைக்கூட மூடாமல் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு வந்து இன்றோடு இருபத்துநாலு நாள். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை, ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்கிறார்கள். எப்படிக் கூட்டிப் போவது? உட்கார்ந்து வரமாட்டார். விமானத்தில் ஆறு சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்டு, கூடவே ஒரு நர்ஸும் வரவேண்டுமாம். அதற்கு ஆகிற செலவுக்கு நம் வீட்டை விற்றாலும் பாதிதான் தேறும்.

இதற்குத்தானே அந்தப் பயண இன்ஷூரன்ஸ் எடுத்தோம்? உன் டிராவல்ஸ் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இது ஒண்ணு கையில இருந்தா போதும்க்கா. அங்க தும்மினாக்கூட கம்பெனி பாத்துக்கும். ஒண்ணுன்னா தூக்கிட்டு வந்து வாசல்ல விட்டுட்டுப் போவான்."

தூக்கிக்கொண்டு வருகிறவன் கடிதம் போட்டிருக்கிறான். முன்பே இருந்த நோய், படிவத்தில் தெரிவிக்கப்படவில்லை, ஆகவே ஆஸ்பத்திரிச் செலவும் கிடையாது, ஊருக்கு அனுப்புவதும் கிடையாது. மகள் இரண்டு தடவை படித்துச் சொன்னாள். இரண்டாவது தடவையாவது வேறு மாதிரி வராதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் தினமும் சாயங்காலம் கதவைக் காட்டுகிறார். வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். நாளைக்கு, நாளைக்கு என்று எத்தனை நாள்தான் சொல்வேன்?

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் படிவத்தை நீயாகவே நிரப்பினாய், எங்களைக் கேட்கவில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடு. மற்றதை மகளும் மருமகனும் பார்த்துக்கொள்வார்கள்.

அக்கா.

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

எழுத்தில் கேட்டாய், எழுத்திலேயே சொல்கிறேன். இதையும் பத்திரமாக வைத்துக்கொள்.

நீ எழுதிக் கொடுக்கச் சொல்வது என் வேலையை. கேட்காமல் படிவம் நிரப்பினேன் என்று நானே கையெழுத்துப் போட்டால், மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவன் இருப்பான். இப்போதே கம்பெனியிலிருந்து என் மானேஜருக்கு விசாரணைக் கடிதம் வந்து கிடக்கிறது.

இன்ஷூரன்ஸ் என்றால் என்ன என்று நான் உனக்கு அன்றே விளக்கியிருக்க வேண்டும், அது என் தப்பு. தெரியாமல் வருவதற்குத்தான் இன்ஷூரன்ஸ். வழுக்கி விழுந்தால் உண்டு. குடல்வால் வெடித்தால் உண்டு. காய்ச்சலில் படுத்தால் உண்டு, விமானம் ஒரு நாள் தள்ளிப்போனால் அதற்கும் உண்டு. ஆனால் ஊரிலேயே உடம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, டிக்கெட் இல்லாமல் கூடவே வருகிற நோய்க்குக் கிடையாது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், டாக்டர் சான்று வைத்து, கொஞ்சம் கூடக் கட்டி, அதற்கும் சேர்த்து எடுக்கலாம். சொல்லாமல் விட்டால் மொத்தமும் போச்சு. அவன் சட்டம் அவ்வளவுதான்.

நான் கேட்கவில்லை என்கிறாயா? அன்றைக்கு உன் பின்னால் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள், அத்தனை பேரும் சாட்சி. "அத்தான் உடம்புக்கு ஒண்ணும் இல்லையே அக்கா?" என்றேன். நீ என்ன சொன்னாய்? "அவருக்கென்னடா? முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டின உடம்பு, இரும்பு. உன்னை மாதிரி ரெண்டு மாடி ஏறினா நாக்குத் தள்ளுற உடம்பா?" என்றாய். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மானேஜரும் சிரித்தார். அத்தான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

உனக்கு "உண்டு" என்று போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? உன் பெயர் எழுதிய ரத்தக்கொதிப்பு மாத்திரைக் கவரை உன் வீட்டு ஃபிரிஜ் தலையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். உனக்குக் கூடக் கட்டித்தான் பாலிசி எடுத்தேன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். விழுந்தது நீயாக இருந்திருந்தால் இந்நேரம் ஆறு சீட்டைக் கழற்றி, நர்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்து, ராணி மாதிரி உன்னைக் கொண்டுவந்து இறக்கியிருப்பார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். அத்தானுக்கு முன்பே ரத்தக்கொதிப்பு இருந்தது என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கிறது என்கிறார்கள். கோப்பில் அதை எழுதச் சொன்னது யார்? அப்படி ஒன்று அவருக்கு இருந்தது எனக்கே தெரியாதே.

தம்பி.

பிப்ரவரி 28

தம்பிக்கு,

நான்தான் சொன்னேன்.

அந்த மாத்திரை என்னுடையது இல்லை. ஆறு வருடத்தில் ஒன்றைக்கூட நான் வாயில் போட்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்குத் தலை சுற்றுகிறது என்று தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இனி சாகிறவரைக்கும் மாத்திரை என்றார். சீட்டு எழுதப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என் பேர்ல எழுதுங்க டாக்டர்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் எழுதினார்.

ஏன் என்று உனக்குத் தெரியாதா? ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவனுக்கு ரத்தக்கொதிப்பு என்று டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குத் தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வான். அவரோடு வேலை பார்த்த ஒருவரை அப்படித்தான் ஷெட்டில் போட்டார்கள். ஐம்பது வயசில் டயர் கழுவிக்கொண்டிருந்தார். உன் அத்தானை டயர் கழுவ விடுவேனா நான்? அவர் ஓட்டுகிற அழகைப் பார்த்து, கூட வேலை பார்த்தவர்களே "நிதானம்" என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அந்த மனிதர் கையில் பிரஷ்ஷா?

அதனால் நோய் எனக்கு வந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது நான். விருந்துக்குப் போன இடத்தில் "எனக்கு உப்பு ஆகாது" என்று தனியாக வாங்கி, யாரும் பார்க்காதபோது அவர் தட்டோடு மாற்றிக்கொண்டது நான். உன் பெண்டாட்டி என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பழம் வாங்கி வருவாளே, அதையும் அவர்தான் தின்றார். மாத்திரை ஒழுங்காக வேலை செய்தது. வருஷா வருஷம் பரிசோதனையில் பாஸ். ரிட்டயர் ஆகிறவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. பெற்ற மகளுக்கே தெரியாது. ரிட்டயர் ஆன பிறகாவது மாற்றி எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். பழகிவிட்டது. என் நோய் என்று நானே நம்பியும் விட்டேன் போலிருக்கிறது.

இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து மகளிடம் கேட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், உடனே தெரிய வேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கொண்டிருக்கிறது என்றார். மகள், "அப்பா ஒண்ணும் சாப்பிடறதில்ல" என்று சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்திச் சொல்லிவிட்டேன். மாத்திரையின் பெயர், அளவு, ஆறு வருடம், எல்லாம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

ஆறு வருடத்தில் நான் வாயைத் திறந்து உண்மை சொன்னது அந்த ஒரு தடவைதான். கம்பெனிக்காரன் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். மகள் அந்தப் படிவத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். அதில் "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே" என்று எங்கேயும் இல்லை. "கடந்த மூன்று வருடத்தில் ஏதாவது மருந்தோ மாத்திரையோ எடுத்துக்கொண்டாரா, மருத்துவரைப் பார்த்தாரா" என்று இருக்கிறது. மாத்திரை என்ற வார்த்தை அன்றைக்கு உன் வாயில் வந்ததா? வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் நீ கேட்கவில்லை.

அக்கா.

மார்ச் 6

அக்காவுக்கு,

என் குட்டி இரண்டு வருடம் அந்த வண்டியில்தான் ஸ்கூலுக்குப் போனாள்.

மேலே எழுதியதைத் தாண்டி அடுத்த வரி எழுத எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்று. வீட்டு வாசலிலேயே இன்னொரு பஸ் நிற்கும். "அத்தான் வண்டி இருக்கும்போது கண்டவன் வண்டியில எம்பொண்ணை ஏத்துவேனா" என்று ஊர் கேட்கப் பேசியவன் நான். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். என் பெண்டாட்டி உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்க அக்காவுக்கு நான் வாங்கிட்டுப் போன பழத்துக்குக் கணக்கு வேண்டாம், எம்பொண்ணுக்கு மட்டும் கணக்குச் சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

ஆமாம், மாத்திரை என்று நான் கேட்கவில்லை. படிவத்தில் பதினாறு கேள்வி. ஒரு நாளைக்கு நாற்பது பேர். பதினாறையும் எல்லோரிடமும் வாசித்துக்கொண்டிருந்தால் வரிசை தெருவில் நிற்கும். அதனால் எல்லோரிடமும் அந்த ஒரு கேள்விதான், "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" இல்லை என்றால் பதினாறுக்கும் டிக். பக்கத்து நாற்காலிக்காரனும் அப்படித்தான், மானேஜரும் அந்தக் காலத்தில் அப்படித்தான். நீ இதை யாரிடமும் சொல்லாதே.

சரி. இப்போது சொல்வதை நிதானமாகப் படி. வழி ஒன்று இருக்கிறது, அதை நீயே செய்து வைத்திருக்கிறாய். சீட்டுகள் எல்லாம் உன் பெயரில். என் படிவத்திலும் ரத்தக்கொதிப்பு உனக்குத்தான். ஆறு வருடக் காகிதம் அத்தனையும் ஒரே பேச்சுப் பேசுகிறது. மாறிப் பேசுவது ஆஸ்பத்திரிக் கோப்பு ஒன்றுதான், அதுவும் பயந்துபோன ஒரு மனைவி சொன்னது. கம்பெனிக்கு இப்படி எழுது:

"என் கணவர் மயங்கி விழுந்தபோது நான் நிலைகுலைந்திருந்தேன். மருத்துவர் கேட்டதும், நான் தினமும் சாப்பிடும் மாத்திரைகளையே சொல்லிவிட்டேன். என் கணவருக்கு முன்பு எந்த நோயும் இருந்ததில்லை, அவர் எந்த மாத்திரையும் எடுத்ததில்லை. என் பெயரில் உள்ள மருத்துவச் சீட்டுகளை இணைத்திருக்கிறேன். படிவத்தில் உள்ள கேள்விகள் அனைத்தையும் ஊழியர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்."

கடைசி வரியை விட்டுவிடாதே, அது என் சோற்றுக்கு. அத்தான் வீட்டுக்கு வருவார், நான் வேலையில் இருப்பேன். கம்பெனியைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை.

தம்பி.

மார்ச் 12

தம்பிக்கு,

நீ எழுதித் தந்ததைப் பார்த்து எழுதினேன். இரண்டு காகிதம் கிழித்தேன், மூன்றாவது சரியாக வந்தது. மகள் "இதை நான் தபால்ல போட மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டாள். மருமகன் கேட்காத மாதிரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானே வழி கேட்டுக்கொண்டு கூரியர் கடைக்குப் போய்ப் போட்டேன். உன் வரியும் அதில் இருக்கிறது.

கம்பெனியைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறாய். டிரான்ஸ்போர்ட் ஆபீஸைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை என்று ஆறு வருடம் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். நாம் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

விசாரிக்க ஆள் வருவார்களாம். உன் அத்தானிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். "மாத்திரையைப் பத்திக் கேட்டா சும்மா இருங்க, கையைத் தூக்காதீங்க. அவ்வளவுதான். வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை. விழுந்திருக்கும்.

உன் பெண்டாட்டியிடம் சொல். அவள் கேட்கிற கணக்கு என்னிடம் இல்லை.

அக்கா.

மார்ச் 27

அக்கா,

நேற்று மானேஜர் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். இருபத்திரண்டு வருட வேலைக்கு அரைப் பக்கம்.

கம்பெனியின் விசாரணை அறிக்கையையும் படிக்கக் கொடுத்தார். உன் கடிதம் பொய் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். உன் கடிதத்தில் பொய் என்றால் ஊழியர் வாசித்துக் காட்டினார் என்பதும் பொய்தானே என்று என்னைக் கேட்டார்கள். அத்தான் பாலிசியை முதல் நாளிலிருந்தே இல்லாததாக்கிவிட்டார்கள். இனி மேல்முறையீடு, கெஞ்சல், எதுவும் இல்லை. உன்னுடையது தனிப் பாலிசி, அதற்கு ஒன்றும் ஆகவில்லையாம். சந்தோஷப்பட்டுக்கொள்.

அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. "தாம் மாத்திரை எடுத்துக்கொண்டதை நோயாளியே ஒப்புக்கொண்டார்." பேச வாயில்லாத மனிதர் எப்படி அக்கா ஒப்புக்கொண்டார்? எழுந்து நடமாடுகிற ஆளையே ஆறு வருடம் ஊருக்கு முன்னால் ஆட்டி வைத்தாய். படுக்கையில் கிடக்கிற ஆளைக் கால் மணி நேரம் சும்மா வைத்திருக்க உனக்குத் துப்பில்லையா?

இனி அவர் எப்படி ஊர் வருவார் என்று என்னைக் கேட்காதே. ஒரு வழி இருந்தது. அதை அவரே அடைத்தார்.

தம்பி.

ஏப்ரல் 4

தம்பிக்கு,

உன் அத்தான் போய்விட்டார். மார்ச் 29, காலை ஏழு மணிக்கு. இரண்டாவது தடவையாக மூளையில் ரத்தம் அடைத்ததாம். உனக்கு மகள் போன் செய்தாள், நீ எடுக்கவில்லை என்றாள். அது சரிதான். நானும் எடுக்காமல் இருந்தவள்தானே.

உடம்பையும் அனுப்ப முடியவில்லை. பாலிசி இருந்திருந்தால் அதுவும் அதில் உண்டாம். இங்கேயே எரித்தோம். கட்டடம் ஆபீஸ் மாதிரி இருந்தது. நம்பர் கொடுத்து உட்கார வைத்தார்கள். நம்பர் வந்ததும் கூப்பிட்டார்கள். இருபது நிமிஷம் எங்களுக்கு.

அவர் எப்படி ஒப்புக்கொண்டார் என்று கேட்டிருந்தாய்.

20-ஆம் தேதி கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள், கண்ணாடி போட்டவள், மரியாதையானவள். போனில் தமிழ் தெரிந்த ஒருத்தியைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஐயா, ஆமான்னா இடது கையைத் தூக்குங்க. இல்லேன்னா சும்மா இருங்க" என்றது குரல். இது ஆஸ்பத்திரியா என்று கேட்டது. தூக்கினார். உங்களுக்கு மூன்று மகள்களா என்று கேட்டது. சும்மா இருந்தார். அப்புறம் கேட்டது, "ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிட்டது உங்க மனைவியா?" சும்மா இருந்தார். "நீங்களா?"

தூக்கினார்.

"அவருக்குப் புரியலம்மா" என்றேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு மறுபடி கேட்கச் சொன்னாள். மறுபடி தூக்கினார். இறக்கவே இல்லை. நர்ஸ் வந்து இறக்கி வைக்கிறவரைக்கும் அந்தக் கை அப்படியே நின்றது.

அன்றிலிருந்து அவரோடு நான் பேசவில்லை. ஒன்பது நாள். தினமும் போனேன், முகம் துடைத்தேன், கஞ்சி ஊட்டினேன், தலை சீவினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கதவைக் காட்டுவதையும் விட்டுவிட்டார். இனி போவதற்கில்லை என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. பத்தாம் நாள் விடிந்தபோது பேச ஆள் இல்லை. நீ என்னை எவ்வளவு திட்டினாலும் இந்த ஒன்பது நாளுக்குப் பக்கத்தில் வராது. ஆகையால் திட்டிக் கையை வீணாக்காதே.

ஏன் தூக்கினார் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உன் பெண்டாட்டி கேட்ட கணக்கு அதில்தான் இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், சிக்னலில் வண்டி நின்றபோது அவருக்குக் கண் இருட்டியது. பச்சை விழுந்தும் எடுக்க முடியவில்லை. பின்னால் ஹாரன். எச்சரிக்கை விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண் தெளிகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வீட்டுக்கு வந்து சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "நாளைக்குப் போய் ஆபீஸ்ல சொல்லிடறேன். டயர் கழுவினா கழுவிட்டுப் போறேன்" என்றார். அழுதார். நான் விடவில்லை. "ரெண்டே வருஷம். ரிட்டயர் ஆயிடலாம். டயர் கழுவுற புருஷனோட என்னால தெருவில நடக்க முடியாது" என்றேன். இப்படியேதான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டிக் குறைக்கவில்லை. அவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆக, அவர் வாயை நான் அன்றைக்கே அடைத்தேன். நாலு வருடம் கழித்து யாரோ ஒருத்தி போனில், "நீங்களா" என்று நேராக அவரையே கேட்டாள். அவர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வண்டியில் உன் குட்டி இருந்தாளா என்று கேட்பாய். இருந்தாள். டிரைவருக்குப் பின் சீட்டில்.

அக்கா.

ஏப்ரல் 13

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் போனதற்கு அழுதேன். உங்களைத் தேற்றுவதற்காக இதை எழுதவில்லை.

குட்டியிடம் கேட்டேன். "ஞாபகம் இருக்குப்பா. மாமா விளையாட்டுக்கு எல்லா லைட்டையும் போட்டுட்டு வண்டியை நிறுத்தினாரு. நாங்க எல்லாரும் கை தட்டினோம்" என்றாள்.

உங்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். நான் விமான நிலையத்துக்கு வரமாட்டேன். இனி எழுத வேண்டாம்.

மே 9

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். பதில் போட வேண்டாம். படித்தால் போதும், படிக்காவிட்டாலும் சரி.

ஊர் வந்து பதினோரு நாள் ஆகிறது. நான் வந்தேன், என் பெட்டி வரவில்லை. எங்கேயோ மாறிப் போய்விட்டது, கிடைக்காது என்று விமானக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். மகள் தகவல் கொடுத்தாளாம், இரண்டே நாளில் நம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம். பெட்டி தொலைந்ததற்கு வருந்துகிறார்களாம். பாலிசிப்படி ஈடு உண்டாம், படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். அவர் போனதற்கு வருந்தி அவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பெட்டிக்கு வருத்தம் வந்திருக்கிறது.

உன் ஆபீஸுக்குத்தான் போக வேண்டியிருந்தது. உன் நாற்காலியில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண், வேகமான கை. என் பின்னால் வரிசை நின்றது. பெட்டியில் என்னென்ன இருந்தது என்றாள். ஆறு சட்டை, நாலு பேண்ட், ஒரு ஸ்வெட்டர், செருப்பு, சவர செட், மூக்குக்கண்ணாடி என்று சொன்னேன். என் துணியெல்லாம் கைப்பையில் வந்துவிட்டது. பெட்டியில் இருந்தது அவருடையது மட்டும்தான். அவர் பெட்டி உடைந்து போயிருந்ததால், எல்லாவற்றையும் என் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தேன்.

எழுதி முடித்துவிட்டு, நிமிராமலே, "எல்லாம் உங்களோடதுதானேம்மா?" என்றாள். பேனா ஏற்கெனவே கட்டத்துக்குப் போய்விட்டது.

"நிறுத்தும்மா. அவரோடது" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "அப்படிப் போட்டா வராதும்மா. பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்க சாமானுக்குத்தான் குடுப்பான். உங்க பெட்டி, உங்க டிக்கெட். உங்களோடதுன்னே போட்டுக்கலாம். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க, யாரும் வந்து பாக்கப்போறதில்ல."

"போடாதே."

"சொன்னாக் கேளுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும்மா. எனக்கும் இப்படி நல்லது செஞ்சவங்க உண்டு. நானும் செஞ்சிருக்கேன். நீ போடாதே."

பின்னால் ஒருவர் உச்சுக்கொட்டினார். மானேஜர் கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, குனிந்துகொண்டார். அந்தப் பெண் பெருமூச்சு விட்டு, போட்டிருந்த அரை டிக்கைக் கோடு கிழித்து அடித்துவிட்டு, "இல்லை" என்ற கட்டத்தில் போட்டாள். அதற்குக் கீழே, பொருளின் உரிமையாளர் பெயர் என்று ஓர் இடம் இருந்தது.

"பேர் சொல்லுங்கம்மா" என்றாள்.

கல்யாணமான இந்த முப்பத்தொன்பது வருடத்தில் அவர் பெயரை நான் எங்கேயும் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னேன். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

அக்கா.